பிக்கிள்பால் வீடியோ கேம் வாங்கப் போகிறீர்களா? முதல் ஒன்றரை மணி நேரத்தில் சோதிக்க வேண்டியவை

டல்லாஸ் பக்கம் ஆகஸ்ட் மாதம் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நேரம் அது. காலை ஆறரைக்குப் பூங்கா கோர்ட்டுக்குப் போனால் எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். மிச்ச நாளெல்லாம் வீட்டுக்குள்தான். அப்பாவுக்கு பிக்கிள்பால் (டென்னிஸைவிடச் சிறிய கோர்ட்டில், பேடில் எனும் மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம்) பிடித்துப்போய்விட்டது, ஆனால் ஸ்கோர் சொல்லும் முறை மட்டும் பிடிபடவில்லை. டிவியில் விளையாடிப் பழகட்டும் என்று வீடியோ கேம் ஒன்று வாங்கினேன்.

அந்த ஒன்று மூன்றானது. முதலாவது, பெயரில் மட்டும் பிக்கிள்பால். அது தெரிவதற்குள் பணம் திரும்பப் பெறும் நேரம் முடிந்திருந்தது. இரண்டாவதை டிஸ்க்காக வாங்கி, கடை உறையைப் பிரித்த பிறகுதான் நால்வர் சேர்ந்து ஆட முடியாது என்று கண்டேன். பிரித்த டிஸ்க்கைக் கடையில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதில்தான் சரியான வரிசையில் வேலை செய்தேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

விதிகளும் ஸ்கோரும் பழகவா, வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்து விளையாடவா, முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் மோதவா? மூன்றுக்கும் ஒரே விளையாட்டு பொருந்துவது அரிது.

என் அனுபவத்தில், இந்த விளையாட்டுகள் உண்மையிலேயே கைகொடுப்பது முதல் வேலைக்கு. யார் சர்வ் செய்ய வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், சர்வ் எப்போது எதிரணிக்குப் போகும் என்பதெல்லாம் நூறு முறை கண்முன் நடப்பதால் மனதில் பதிந்துவிடும். அப்பா பத்தே நாளில் கோர்ட்டில் சத்தமாக ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தார். கைப்பக்குவம் மட்டும் வராது. பந்தை மென்மையாக வலைக்கு மேல் தூக்கி வைக்கும் அந்த மணிக்கட்டின் அளவை எந்த பட்டனும் கற்றுத்தராது. அதை எதிர்பார்த்துப் பணம் போடாதீர்கள்.

2. எந்தக் கருவியில் விளையாடுவீர்கள்?

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் போன்ற கன்சோல், ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாகக் கணினி, தலையில் மாட்டும் விஆர், கைபேசி என்று நான்கு வழி இருக்கிறது.

கன்சோல் பக்கம் 2022இல் கேம்மில் நிறுவனம் வெளியிட்ட பிக்கிள்பால் ஸ்மாஷ் இருக்கிறது. 2025இல் பிபிஏ டூர் என்ற தொழில்முறை பிக்கிள்பால் போட்டித் தொடரின் பெயரோடு பிபிஏ பிக்கிள்பால் டூர் 2025 வந்தது. இவை தவிர பிக்கிள்பால் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்த சிறு விளையாட்டுகள் ஏராளம். பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால், யார் உருவாக்கியது என்ற வரியையும் சேர்த்துப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

விஆர் என்றால் ரெசல்யூஷன் கேம்ஸ் 2023 டிசம்பரில் வெளியிட்ட ராக்கெட் கிளப் பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஆனால் அது டென்னிஸ், பேடல் (சுவர் சூழ்ந்த கோர்ட்டில் ஆடும் மட்டைப் பந்தாட்டம்), பிக்கிள்பால் மூன்றிலிருந்தும் எடுத்துச் செய்த புது விளையாட்டு. கோர்ட்டைச் சுற்றிச் சுவர் இருக்கும், பந்து அதில் பட்டுத் திரும்பும். அசல் பிக்கிள்பால் விதி பழக நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. விஆரில் இன்னொரு கணக்கும் உண்டு: நடந்து ஆட குறைந்தது ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்று குவெஸ்ட் விஆர் கருவியை விற்கும் மெட்டா நிறுவனம் சொல்கிறது. கை வீச இன்னும் கொஞ்சம் விட்டுவையுங்கள். மேலே சீலிங் ஃபேன் இருக்கும் அறை வேண்டவே வேண்டாம்.

கைபேசி விளையாட்டுகளை நேரம் போக்கத் தரவிறக்கலாம். கற்றுக்கொள்ள அவை உதவவில்லை.

3. மொத்தச் செலவைக் கூட்டுங்கள்

விளையாட்டின் விலையை மட்டும் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். முழுக் கணக்கு இப்படி வரும்.

விலையோடு விற்பனை வரி சேரும். எங்கள் ஊரில் 8.25 சதவீதம். அப்புறம் கன்ட்ரோலர். பிக்கிள்பாலின் சுவையே டபுள்ஸ்தான், அதற்கு நாலு பேர், நாலு கன்ட்ரோலர். கன்சோல் நிறுவனத்தின் சொந்த கன்ட்ரோலர் ஒன்று 60 டாலருக்கு மேல் போகிறது. இரண்டு கூடுதலாக வாங்கினாலே விளையாட்டின் விலையை அது தாண்டிவிடும். ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்: கூடவே வரும் ஜாய்-கான் என்ற இரட்டைக் கன்ட்ரோலரைப் பிரித்து ஆளுக்கொன்றாகப் பிடிக்கலாம். ஆனால் அந்த விளையாட்டு அதற்கு இடம் தருகிறதா என்று கடைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் ஆட கன்சோல்களில் பெரும்பாலும் தனிச் சந்தா வேண்டும். நின்டென்டோவின் தனிநபர் சந்தா அமெரிக்காவில் மாதம் 3.99 டாலர், ஆண்டுக்கு 19.99 டாலர். ஸ்டீமில் ஆன்லைனுக்கென்று தனிக் கட்டணம் இல்லை.

4. கடைப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்

டிரெய்லர் நன்றாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் பட்டியலுக்குப் போங்கள். அங்கே தேட வேண்டியவை:

ஒரே திரையில் எத்தனை பேர் ஆடலாம்? "மல்டிபிளேயர்" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆன்லைனை மட்டும் குறிக்கலாம், இரண்டு பேரை மட்டும் குறிக்கலாம். எண்ணைப் பாருங்கள். என் இரண்டாவது விளையாட்டு என்னை மாட்டிவிட்டது இந்த இடத்தில்தான். அட்டையில் நாலு பேர் நிற்கும் படம், உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம்.

வேறு வேறு கருவிக்காரர்கள் சேர்ந்து ஆட முடியுமா? முடியாதென்றால் ஆன்லைனில் ஆள் கிடைப்பது கடினம். ஏற்கெனவே சிறிய கூட்டம், அதுவும் நாலாகப் பிரிந்து கிடக்கும். ஸ்டீம் விளையாட்டு என்றால் இப்போது எத்தனை பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஸ்டீம்டிபி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், ஒரு வேலைநாள் இரவில் பாருங்கள். எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருந்தால் ஆன்லைன் ஆசையை விட்டுவிடுங்கள். இந்த வகை விளையாட்டுகளின் பெரிய பலவீனம் இதுதான் என்பேன். நல்ல விளையாட்டாக இருந்தாலும் எதிரே ஆள் இருக்காது.

கணினிக்காரர்கள் குறைந்தபட்சத் தேவை என்ற பட்டியலைத் தங்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

5. பணம் திரும்பக் கிடைக்குமா? வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கடைக்கும் ஒரு விதி. இதை வைத்துத்தான் எங்கே வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். மெட்டா குவெஸ்ட் கடையிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் விளையாட்டில் கோளாறு இருந்தாலொழிய, டவுன்லோடு தொடங்கியிருக்கக் கூடாது. வாங்கியதும் தானாக டவுன்லோடு ஆகும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதை முன்பே நிறுத்துங்கள். நின்டென்டோவின் அமெரிக்க இ-ஷாப்பில் டிஜிட்டல் விற்பனை பொதுவாக இறுதியானது. கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கேட்பது நல்லது.

ஆகவே ஆடிப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால், கணினி இருப்பவர்களுக்கு ஸ்டீம்தான் என் சிபாரிசு. கன்சோல்தான் இருக்கிறது என்றால் டெமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெட்டாமல் ஒட்டாமல் யாராவது முழு ஆட்டம் ஆடிய வீடியோ ஒன்றைத் தேடி, கீழே ஏழாம் படியில் சொல்லும் சோதனைகளை அந்த வீடியோவை வைத்தே செய்யுங்கள்.

கவனம்: ஆடிய நேரம் என்றால் விளையாட்டு திறந்திருந்த நேரம். மெனுவில் நின்றாலும், நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ஒன்பது மணி நேரம் ஆடியதாகக் காட்டியது. உண்மையில் ஆடியது நாற்பது நிமிடம். எழும்போதெல்லாம் விளையாட்டை முழுவதுமாக மூடிவிட்டு எழுங்கள்.

6. ஆவணங்களை எடுத்துவையுங்கள்

வாங்கிய உடனே செய்யுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆர்டர் உறுதி மின்னஞ்சலைத் தனியாக ஒரு லேபிளில் போடுங்கள். அதில் இருக்கும் ஆர்டர் எண்ணும் தேதியும்தான் முக்கியம். எந்தக் கார்டில் கட்டினீர்கள் என்பதைக் கடைசி நான்கு இலக்கத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தால், எந்தக் கணக்கில் வாங்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். 14ஆம் நாள் எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

டிஸ்க் வாங்கினால் ரசீதைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரும்வரை உறையைப் பிரிக்காதீர்கள். டிஸ்க்கில் ஒரு நன்மையும் இருக்கிறது, பிடிக்காவிட்டால் பாதி விலைக்காவது விற்கலாம்.

7. முதல் 90 நிமிடம்: சோதனை

இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாக வீரருக்குச் சட்டை, தொப்பி தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். அதையெல்லாம் பிறகு பார்க்கலாம். தொண்ணூறு நிமிடத்தோடு முடித்துக்கொண்டு அரை மணி நேரத்தைக் கையில் வையுங்கள்.

முதல் பத்து நிமிடம் டிவிக்கு. டிவி அமைப்பில் கேம் மோடை இயக்குங்கள். இது இல்லாமல் ஆடினால் பட்டனை அழுத்துவதற்கும் பேடில் வீசுவதற்கும் இடையே இழுக்கும். அந்தத் தாமதத்துக்கு விளையாட்டைக் குறை சொல்லிவிடுவீர்கள்.

அடுத்து பந்து. அசல் பந்து ஓட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் பந்து. 78 அங்குல உயரத்திலிருந்து விட்டால் 30 முதல் 34 அங்குலம்தான் எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது விழுந்த உயரத்தில் பாதி கூட எழாது, காற்றிலும் சீக்கிரம் வேகம் குறையும். திரையில் பந்து தோள் உயரத்துக்குத் துள்ளிக்கொண்டே இருந்தால் டென்னிஸ் விளையாட்டுக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். வலையையும் பாருங்கள்: ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தால் உருவாக்கியவர்கள் உண்மையான கோர்ட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது விதி. வேண்டுமென்றே தப்பு செய்து பார்ப்பதுதான் வேகமான வழி.

வலையின் இரு பக்கமும் ஏழு அடி வரை இருக்கும் பகுதிக்கு கிச்சன் என்று பெயர். சர்வை எதிர்ப்பக்கக் கிச்சனுக்குள் போடுங்கள். கோட்டில் பட்டாலும் அது ஃபால்ட்தான், அதாவது தவறு. நீங்கள் சர்வ் செய்து, எதிரணி திருப்பிய பந்தைத் தரையில் படவிடாமல் அடியுங்கள். இரு பக்கமும் ஒரு முறை தரையில் பட்ட பிறகே வாலி (பந்து தரையில் படும் முன் அடிப்பது) அடிக்கலாம் என்பதால் இதுவும் ஃபால்ட். பிறகு உங்கள் பக்கக் கிச்சனுக்குள் நின்று வாலி அடியுங்கள், ஃபால்ட் வர வேண்டும். அதே கிச்சனுக்குள், தரையில் பட்டு எழுந்த பந்தை அடியுங்கள், ஃபால்ட் வரக் கூடாது. நுட்பமான சோதனை ஒன்று: கிச்சனுக்கு வெளியே நின்று வாலி அடித்து, அந்த வேகத்திலேயே உள்ளே காலை வையுங்கள். அசல் ஆட்டத்தில் அதுவும் ஃபால்ட். நான் வாங்கிய முதல் விளையாட்டில் கிச்சன் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத சுவர் மாதிரி ஒன்று இருந்தது, நம் வீரர் உள்ளேயே போக மாட்டார். எதிரணிக் கணினி வீரர் மட்டும் கோட்டை மிதித்துக்கொண்டு ஸ்மாஷ் அடிப்பார், யாரும் கேட்பதில்லை. விதி பழக வாங்கிய விளையாட்டு தப்பாகக் கற்றுக்கொடுத்தால் அதைவிட நஷ்டம் வேறில்லை.

ஸ்கோர். டபுள்ஸ் ஆட்டம் 0-0-2 என்று தொடங்க வேண்டும்: சர்வ் செய்யும் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, சர்வ் போடுபவர் (சர்வர்) அணியில் எத்தனையாவது ஆள் என்ற எண். முதல் சர்வ் அணிக்கு ஒரே ஒரு சர்வர்தான். அந்த ராலியை (ஒரு சர்வில் தொடங்கும் அடி மாற்றத்தை) தோற்றால் சர்வ் உடனே எதிரணிக்குப் போக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு அணிக்கும் இரண்டு சர்வர். வழக்கமான முறையில் சர்வ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி, 11 வரை ஆட்டம், இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். திரையில் மூன்றாவது எண் காட்டுகிறார்களா, யாராவது அதைச் சத்தமாகச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். அப்பாவுக்கு உதவியது அந்தக் குரல்தான்.

மிச்ச நேரம் முழுவதும் டிங்குக்கு, அதாவது மெல்லத் தட்டி வலைக்கு மேல் அனுப்பும் அடிக்குக் கொடுங்கள். என்னைப் பொறுத்தவரை ஒரு பிக்கிள்பால் விளையாட்டு தேறுவதும் தேறாததும் இங்கேதான். கிச்சன் கோட்டருகே நின்று எதிர்ப்பக்கக் கிச்சனில் மெல்ல விழும்படி குறுக்காகப் பத்து டிங்க் தொடர்ந்து போட முயலுங்கள். கணினி எதிராளியும் பொறுமையாகத் திருப்பி டிங்க் போடுகிறாரா? நீங்கள் கொஞ்சம் உயரமாக விட்டதும் பாய்ந்து அடிக்கிறாரா? அவரும் சில நேரம் தவறி உயரமாக விடுகிறாரா? மூன்றும் நடந்தால் வைத்துக்கொள்ளலாம். பின்கோட்டிலிருந்து பலமாக அடித்தே ஒவ்வொரு புள்ளியும் ஜெயிக்க முடிகிறது என்றால், அந்த விளையாட்டில் கிச்சனுக்கு வேலையே இல்லை. நாலு நாளில் சலித்துவிடும், கோர்ட்டில் கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதோடு மூன்றாவது ஷாட் டிராப்பையும் பாருங்கள். சர்வ், ரிட்டர்ன் ஆனதும் பின்னால் நின்றபடி பந்தை கிச்சனுக்குள் இறக்கிவிட்டு முன்னே ஓடி வர நேரம் கிடைக்க வேண்டும்.

கணினி ஜோடியையும் மறக்காதீர்கள். நீங்கள் முன்னே வரும்போது அவரும் உங்களோடு முன்னே வர வேண்டும். பின்னாலேயே நின்றால் நடுவில் பெரிய ஓட்டை விழும், தப்பே செய்யாமல் தோற்பீர்கள்.

8. ஊரில் இருப்பவர்களோடு ஆட நினைத்தால்

ஸ்டீமில் ரிமோட் பிளே டுகெதர் என்று ஒரு வசதி உண்டு. ஒரே திரையில் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்றால், ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் வேறு வீட்டிலிருந்து சேர்ந்துகொள்ளலாம். பக்கத்து ஊர் நண்பர்களோடு இது அருமையாக ஓடியது. அதே தைரியத்தில் திருநெல்வேலியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். சிக்னல் போய்வர 260 மில்லி வினாடி காட்டியது.

இது ஏன் தாங்காது என்பதற்குச் சின்னக் கணக்கு. இரண்டு கிச்சன் கோட்டுக்கும் இடையே 14 அடி. மணிக்கு 40 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கால் வினாடியில் கடந்துவிடும். தம்பி திரையில் பந்தைப் பார்த்து பட்டன் அழுத்தி, அது எனக்கு வந்து சேரும்போது பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். அவன் ஆட்டத்தில் குறையே இல்லை. கடல் தாண்டி ஆடுவதற்கென்று விளையாட்டு வாங்காதீர்கள். ஆசைக்கு ஆடுவதென்றால் கணினி எதிராளியை ஆகக் குறைந்த நிலையில் வைத்து, நீங்கள் இருவரும் ஒரே அணியில் நில்லுங்கள். தம்பி பின்கோட்டில் நிற்கட்டும், பந்து வந்து சேர அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

ஊரிலிருப்பவருக்கு இங்கிருந்து ஸ்டீமில் பரிசாக வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தால், இரண்டு நாட்டு விலைக்கும் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது அது அனுமதிக்காது. அவர் தன் கணக்கிலேயே வாங்குவது சுலபம். குறைந்த விலைக்காக உங்கள் கணக்கின் நாட்டை மாற்றும் யோசனை வேண்டாம். அந்த நாட்டில் வழங்கிய கார்டு இல்லாமல் வாங்க முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றவும் முடியும்.

9. பிடிக்கவில்லையா? அன்றே கேளுங்கள்

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விளையாட்டை மூடுங்கள், ஆடிய நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் வாங்கியவற்றின் பட்டியலில் அந்த விளையாட்டைத் திறந்து ரீஃபண்ட் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். காரணம் ஒரு வரி போதும். உதாரணமாக: "கிச்சன் விதி சரியாக இயங்கவில்லை." பணத்தைக் கார்டுக்கே கேட்கலாம், ஸ்டீம் வாலட்டிலும் வாங்கிக்கொள்ளலாம். ஒப்புதல் கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் அனுப்பப்படும். வெளிநாட்டு வங்கிக் கார்டு என்றால் கணக்கில் தெரிய இன்னும் சில நாள் ஆகலாம்.

விளையாட்டு பிடித்திருந்து, விலைதான் அதிகம் என்று தோன்றினால் விஷ்லிஸ்ட்டில் போட்டுவையுங்கள். விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். ஸ்டீமில் கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிய தள்ளுபடி நடக்கும். முழு விலை கொடுத்து வாங்கி நாலு நாளில் தள்ளுபடி வந்துவிட்டதா? நேரமும் நாளும் வரம்புக்குள் இருந்தால் ரீஃபண்ட் கேட்டுவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீம் தன் விதியிலேயே எழுதிவைத்திருக்கிறது. நான் மூன்றாவதை வாங்கியது அப்படித்தான்.